முதல் ஆப்பிரிக்க சஃபாரி: கென்யாவா, தான்சானியாவா, குரூகரா? அம்மாவும் மகனும் கூட வருகிறார்கள்

குறிஞ்சி_கோவை | 2025 மார்ச் 2

எல்லோருக்கும் வணக்கம். நீண்ட நாள் ஆசை ஒன்று இந்த ஆண்டு கைகூடும் போலிருக்கிறது. நான், கணவர், ஆறாம் வகுப்புப் படிக்கும் மகன், 68 வயது அம்மா என நாலு பேர். காடு என்றால் எங்களுக்கு முதுமலை, டாப்ஸ்லிப், கபினி. ஆப்பிரிக்காவில் இதுவரை கால் வைத்ததில்லை.

மூன்று பயண ஏற்பாட்டாளர்களிடம் விலை கேட்டிருக்கிறோம். ஒருவர் கென்யாவில் அம்போசெலி, நக்கூரு, நைவாஷா, மாசாய் மாரா என ஏழு நாள் போட்டுத் தருகிறார். இன்னொருவர் தான்சானியாவில் தரங்கிரே, கொரொங்கொரோ, செரெங்கெட்டி. மூன்றாமவர் தென்னாப்பிரிக்காவில் குரூகர் தேசியப் பூங்காவும் கேப் டவுனும். மூன்றும் படத்தில் அழகாகத்தான் இருக்கின்றன. எதை வைத்து முடிவு செய்வது என்றுதான் தெரியவில்லை.

மே மாதம் போகலாம், இல்லையென்றால் காலாண்டு விடுமுறையில் போகலாம். அம்மாவுக்கு முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். மகனுக்குச் சிவிங்கியை (சீட்டா) பார்த்தே ஆக வேண்டும். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

---

அத்தி_நைரோபி | மார்ச் 2

குறிஞ்சி, முதலில் மாதத்தை முடிவு செய்யுங்கள், நாட்டை அப்புறம் பார்க்கலாம்.

நம் ஊர்க் கோடை விடுமுறையில்தான் இங்கே பெருமழை. மார்ச் கடைசியில் ஆரம்பித்தால் மே வரை போகும். மாராவில் பல இடங்களில் கரிசல் மண். நனைந்துவிட்டால் சக்கரம் புதையும், இன்னொரு வண்டி வந்து இழுக்க வேண்டும். புல்லும் உயர்ந்துவிடும், பக்கத்திலேயே சிங்கம் படுத்திருந்தாலும் கண்ணுக்குப் படாது. சில முகாம்களை அந்த மாதங்களில் மூடியே விடுகிறார்கள். விலை பாதிக்குப் பாதி என்று விற்பார்கள். பலமுறை வந்தவர்களுக்கு அது சரி, முதல் முறை வருபவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

காலாண்டு விடுமுறை, அதாவது செப்டம்பர் கடைசியும் அக்டோபர் முதல் வாரமும், நல்ல காலம். வில்டபீஸ்ட் (மாடு போலிருக்கும் மான் வகை) கூட்டம் இன்னும் மாராவில் இருக்கும். புல் மேய்ந்து குட்டையாகியிருக்கும். ஜூலை, ஆகஸ்ட் நெரிசலும் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

அடுத்தது அந்த ஏழு நாள் திட்டம். நைரோபியிலிருந்து அம்போசெலி நாலைந்து மணி நேரம். அங்கிருந்து நக்கூருவோ நைவாஷாவோ போக ஏறக்குறைய ஒரு பகல். அங்கிருந்து மாரா ஐந்து, ஆறு மணி நேரம். மாராவிலிருந்து நைரோபி இன்னொரு ஐந்து, ஆறு மணி நேரம். விலங்குகள் நடமாடுவது விடிகாலையிலும் சாயங்காலத்திலும். விடிகாலையில் நீங்கள் பெட்டி கட்டுவீர்கள், சாயங்காலம் களைத்துப்போய் வந்து சேர்வீர்கள். முழங்கால் வலிக்காரரை வைத்துக்கொண்டு இதைச் செய்யாதீர்கள். இரண்டு இடம் போதும். அம்போசெலியை அடுத்த முறைக்கு வையுங்கள். அங்கே யானைகளை 1972-லிருந்து குடும்பம் குடும்பமாகப் பெயர் வைத்துத் தொடர்ந்து ஆராய்ந்து வருகிறார்கள். அவற்றை அப்படி ஓர் இரவு தங்கிவிட்டு ஓடிவந்து பார்க்கக் கூடாது.

---

ஜோபர்க்_வாசி | மார்ச் 3

மே மாதம்தான் முடியும் என்றால் குரூகரை யோசியுங்கள். அங்கே கணக்கே வேறு, கோடையும் குளிர்காலமும் நம் ஊருக்கு நேர்மாறு. கோடையில் மழை, குளிர்காலத்தில் வறட்சி. மே மாதம் வறட்சி ஆரம்பிக்கும் நேரம், வெயில் இதமாக இருக்கும், நீர்நிலைகளைச் சுற்றி விலங்குகள் வரத் தொடங்கும்.

குரூகரில் எனக்குப் பிடித்தது நாமே ஓட்டிக்கொண்டு போகலாம் என்பது. வடக்கு தெற்காகச் சுமார் 350 கிலோமீட்டர் நீளம், பரப்பு 19,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். முக்கியச் சாலைகள் எல்லாம் தார் ரோடு, சாதாரண வாடகைக் காரே போதும். நம் ஊர் மாதிரி இடது பக்கம்தான் ஓட்ட வேண்டும். தார் ரோட்டில் 50, மண் ரோட்டில் 40 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகக் கூடாது. உண்மையில் 25-ல் போனால்தான் எதுவும் தெரியும். ஸ்குகூசா, லோயர் சாபி, சத்தாரா போன்ற முகாம்களில் குடில் எடுத்தால் சமையலுக்கும் வசதி இருக்கும். உங்கள் அம்மாவுக்கு ரசமே வைத்துக் கொடுக்கலாம். அறிமுகத்துக்கு லோயர் சாபி பக்கத்தில் இருக்கும் சன்செட் அணை ஒன்று போதும். காரை நிறுத்திவிட்டு உட்கார்ந்தால் நீர்யானை, முதலை, கொக்கு, நாரை எல்லாம் தானாக வந்து போகும்.

செலவும் குறைவு. ஆனால் இரண்டு விஷயம். மே மாதத்தில் சாயங்காலம் ஐந்தரை வாக்கில் கதவை அடைத்துவிடுவார்கள், அதற்குள் முகாமுக்குத் திரும்பியாக வேண்டும். தென்னாப்பிரிக்க விசாவுக்குக் கொஞ்சம் காலம் பிடிக்கும், குழந்தைக்குப் பெற்றோர் பெயர் உள்ள பிறப்புச் சான்றிதழ் வேண்டும், இப்போதே ஆரம்பியுங்கள்.

இன்னொன்றும் சொல்கிறேன். டர்பனுக்கு வடக்கே மூன்று, மூன்றரை மணி நேரத்தில் ஹ்லுஹ்லூவே–இம்ஃபொலோசி இருக்கிறது. 1895-லேயே பாதுகாக்கப்பட்ட இடம். வெள்ளைக் காண்டாமிருகம் அழிந்துபோகும் நிலையில் மிஞ்சியிருந்த கொஞ்சத்தையும் காப்பாற்றிப் பெருக்கி, மற்ற காடுகளுக்கும் அனுப்பியது இங்கிருந்துதான். டர்பனில் 1860-லிருந்து வந்த நம் மக்களின் கோயில்களையும் பார்த்துவிட்டுப் போகலாம்.

---

வலசை | மார்ச் 3

பறவைக்காகவும் படத்துக்காகவும் போகிறவன் நான். தான்சானியா பக்கம் நின்று கொஞ்சம் பேசுகிறேன்.

செரெங்கெட்டியும் மாராவும் ஒரே புல்வெளிதான், நடுவில் எல்லைக்கோடு மட்டும். பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட், கூடவே லட்சக்கணக்கில் வரிக்குதிரை, கெஸல் மான். மழையையும் புல்லையும் தேடி ஆண்டு முழுக்கச் சுற்றிக்கொண்டே இருக்கின்றன. ஜனவரியிலிருந்து மார்ச் வரை தெற்கே இந்தூத்து சமவெளியில். எரிமலைச் சாம்பல் படிந்த மண், குட்டைப் புல், தாதுச்சத்து அதிகம். அதனால்தான் அங்கே கன்று ஈனுகின்றன. பிப்ரவரியில் சில வாரத்துக்குள் லட்சக்கணக்கில் கன்றுகள் விழும். பிறந்த கன்று சில நிமிடத்தில் எழுந்து நின்று ஓடப் பழகும். அவ்வளவு இரை குவிந்திருக்கும்போது சிங்கம், கழுதைப்புலி, சிவிங்கி எல்லாம் அங்கேதான் இருக்கும். என்னைக் கேட்டால் கூட்டம் மாரா நதியைக் கடப்பதைவிட இதுதான் பெரிய காட்சி. உங்கள் விடுமுறைக்கு ஒத்துவராது என்பதுதான் குறை.

கொரொங்கொரோ பற்றியும் சொல்ல வேண்டும். அது ஒரு பழைய எரிமலைப் பள்ளம், 600 மீட்டர் ஆழம், அடித்தளம் ஏறக்குறைய 260 சதுர கிலோமீட்டர். ஒரே பகலில் யானை, காண்டாமிருகம், சிங்கம் பார்க்க வாய்ப்புள்ள இடம். விளிம்பு 2,300 மீட்டர் உயரம், இரவில் நன்றாகக் குளிரும். ஆனால் பள்ளத்துக்குள் இறங்க வண்டிக்கே தனிக் கட்டணம் உண்டு, ஒரு நாளுக்கு வரியோடு சேர்த்து முந்நூறு டாலர் அளவுக்கு வரும். செலவுக் கணக்கில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

அத்தி சொன்ன ஒன்றை வழிமொழிகிறேன். எந்த நாடானாலும் ஒரே இடத்தில் குறைந்தது மூன்று, நாலு இரவு தங்குங்கள். முதல் நாள் எல்லாமே புதுசு, எதைப் பார்க்கிறோம் என்றே பிடிபடாது. மூன்றாம் நாள் நேற்றுப் பார்த்த அதே சிங்கக் கூட்டத்தைத் தேடிப் போவீர்கள், எந்தக் குட்டி எதனுடையது என்று தெரிந்திருக்கும். அப்போதுதான் காடு நமக்குப் பழகும்.

---

குறிஞ்சி_கோவை | மார்ச் 5

மிக்க நன்றி. மாதம்தான் முதலில் என்பதே எங்களுக்குப் புது விஷயம். வீட்டில் பேசினோம். மே மாதம் கணவருக்கு லீவு உறுதியில்லை, அதனால் காலாண்டு விடுமுறை. அப்படியானால் கென்யாவுக்குத்தான் மனசு சாய்கிறது.

இப்போது அடுத்த சந்தேகங்கள். ரிசர்வ் என்கிறார்கள், கன்சர்வன்சி என்கிறார்கள், இரண்டுக்கும் விலை மலைக்கும் மடுவுக்கும் இருக்கிறது. வேனா, லேண்ட் க்ரூசரா? அம்மாவுக்கு நடுவில் பாத்ரூம் போக வேண்டும் என்றால் என்ன செய்வது? இதை யாரிடம் கேட்பது என்றே தெரியவில்லை.

---

வல்லைவெளி | மார்ச் 5

குறிஞ்சி அக்கா, நான் லண்டனில் தாதியாக வேலை செய்கிறேன். போன வருடம் என் அம்மாவையும் மாராவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அம்மா சம்பந்தப்பட்டதை மட்டும் சொல்கிறேன்.

முதலில் மஞ்சள் காய்ச்சல் ஊசி. கென்யாவுக்குள் போகும்போது இந்தியாவிலிருந்து நேரே வருபவர்களிடம் கேட்கமாட்டார்கள். ஆனால் கென்யாவிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போது சான்றிதழ் இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாளுக்குப் பிறகுதான் செல்லும், ஒரு தடவை போட்டால் வாழ்நாளுக்குப் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும் துறைமுகச் சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். ஆனால் இதைக் கவனமாகக் கேளுங்கள்: 60 வயதுக்கு மேல் முதல் தடவை போடுபவர்களுக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் சாத்தியம் மற்றவர்களைவிடக் கூடுதல். முட்டை ஒவ்வாமை, எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து, தைமஸ் சுரப்பி நோய் இருந்தாலும் போடக் கூடாது. அதனால் டிக்கெட் எடுக்க முதலே அம்மாவின் டாக்டரோடு வடிவாகக் கதையுங்கள். ஊசி வேண்டாம் என்று அவர் சொன்னால் நாட்டையே மாற்றுவதுதான் நல்லது, தென்னாப்பிரிக்காவுக்கு அந்தச் சிக்கல் இல்லை.

மலேரியா மாராவிலும் உண்டு, குரூகரிலும் உண்டு. தடுப்பு மாத்திரை அட்டோவகோன்-புரோகுவானில் என்றால் போக ஒன்றிரண்டு நாள் முன்பு தொடங்கி, வந்த பிறகு ஏழு நாள் எடுக்க வேண்டும். டாக்ஸிசைக்கிளின் என்றால் வந்த பிறகு நாலு வாரம். எது பொருந்தும் என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும், மகனுக்கு எடையைப் பார்த்துத்தான் அளவு. சாயங்காலத்துக்கு மேல் முழுக்கைச் சட்டை, கொசு மருந்து.

வாகனத்தில் அம்மாவை நடு வரிசையில் இருத்துங்கள். பின்வரிசை அச்சுக்கு மேலே, அங்கேதான் தூக்கிப் போடும். ஏறும் படி உயரம், மடித்து எடுத்துப் போகக்கூடிய ஒரு சின்ன முக்காலி கொண்டுபோங்கள். பாத்ரூம் விஷயத்தில் வெட்கப்படவே வேண்டாம். காலையில் வண்டி கிளம்பும்போதே வழிகாட்டியிடம் சொல்லி வையுங்கள். திறந்த வெளியாகப் பார்த்து நிறுத்தி, சுற்றிலும் பார்த்துவிட்டு, வண்டிக்குப் பின்பக்கம் போகச் சொல்லுவார். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். இதற்குப் பயந்து தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் ஆபத்து. என் அம்மா முதல் நாள் அப்படித்தான் இருந்து, இரவு தலையிடியோடு படுத்தார்.

---

அத்தி_நைரோபி | மார்ச் 6

வல்லைவெளி எழுதியதை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

ரிசர்வ் என்பது நாரோக் கவுண்டி அரசின் கீழுள்ள மாசாய் மாரா தேசிய ரிசர்வ், சுமார் 1,500 சதுர கிலோமீட்டர். இதன் மேற்குப் பகுதியான மாரா முக்கோணத்துக்குத் தனி நிர்வாகம், அங்கே கட்டுப்பாடும் சாலையும் நன்றாக இருக்கும். ரிசர்வுக்குள் பாதையை விட்டு வண்டி இறங்கக் கூடாது, இரவில் சுற்றக் கூடாது, நடக்கக் கூடாது. வெளிநாட்டு வயதுவந்தவர் ஒருவருக்கு ஜூலை முதல் டிசம்பர் வரை ஒரு நாளைக்கு 200 டாலர், ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர். 9 முதல் 17 வயது வரை 50 டாலர். மலிவான முகாம்கள் பெரும்பாலும் கதவுக்கு வெளியே செகெனானி, தலெக் பக்கம் இருக்கும். முகாமுக்குக் குறைவு, கட்டணத்துக்கு அதிகம் என்று மொத்தச் செலவு எங்கோ போய் நிற்கும், கூட்டிப் பாருங்கள்.

கன்சர்வன்சி என்பது ரிசர்வை ஒட்டிய, மாடு மேய்க்கும் மாசாய் இனக் குடும்பங்களின் சொந்த நிலம். நூற்றுக்கணக்கான குடும்பங்கள் தங்கள் துண்டு நிலங்களைச் சேர்த்துக் குத்தகைக்கு விடுகிறார்கள், வாடகை அவர்களுக்கு நேரே போகிறது. நபோய்ஷோ, ஓலாரே மொட்டோரோகி, மாரா நார்த் எல்லாம் இப்படி வந்தவை. நபோய்ஷோ 2010-ல் தொடங்கியது. முகாம்களும் வண்டிகளும் எண்ணிக்கைக் கட்டுப்பாட்டோடு. இரவுச் சவாரி உண்டு, ஆயுதம் வைத்திருக்கும் வழிகாட்டியோடு நடக்கலாம், தேவையானால் பாதையை விட்டும் இறங்கலாம். ரிசர்வுக்கும் இதற்கும் நடுவே வேலி கிடையாது, அதே சிங்கம்தான் இங்கேயும் வரும். அந்த நிலம் வேலி போட்டுத் துண்டாகாமல் புல்வெளியாக நிற்பதற்கு அந்தக் குத்தகைப் பணம்தான் பெரிய காரணம். பணம் கொஞ்சம் கூடுதலாக இருந்தால் அதை நல்ல படுக்கைக்கும் நீச்சல் குளத்துக்கும் கொடுக்காமல் இங்கே கொடுங்கள்.

லேண்ட் க்ரூசர்தான், தனி வண்டி. நாலு பேருக்கு ஆளுக்கொரு ஜன்னல். பையன் சிவிங்கிக்காகக் காத்திருக்கும்போது, 'இங்கேயே ஒரு மணி நேரம் இருக்கலாம்' என்று யார் அனுமதியும் கேட்காமல் சொல்ல முடியும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் வழிகாட்டி. கென்யாவில் வழிகாட்டிகளுக்குச் சங்கத் தேர்வு இருக்கிறது, வெண்கலம், வெள்ளி, தங்கம் என்று மூன்று தரம். ஏற்பாட்டாளரிடம், 'எங்களுக்கு வரும் வழிகாட்டி எந்தத் தரம், மாராவில் எத்தனை ஆண்டு அனுபவம்' என்று எழுத்தில் கேளுங்கள். 'எங்கள் டிரைவர்கள் எல்லாரும் அனுபவசாலிகள்' என்று மட்டும் பதில் வந்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

---

ஜோபர்க்_வாசி | மார்ச் 6

அத்தி அண்ணா, ஒரு இடத்தில் எனக்கு வேறு கருத்து. வழிகாட்டி இல்லாமல் காடு பிடிபடாது என்பது போல ஆகிவிடக் கூடாது. நானும் என் மகளும் குரூகரில் ஜன்னலுக்கு ஒருவராக உட்கார்ந்து தேடுவோம். கிளையில் தொங்கும் ஒரு வாலை அவள் கண்டுபிடித்து 'அப்பா, சிறுத்தை!' என்று கத்தியபோது அவளுக்கு வந்த சந்தோஷம், யாரோ ரேடியோவில் கேட்டு அழைத்துப்போய்க் காட்டினால் வராது. தனியார் நிலத்தில் ஒரு குடும்பம் சில நாளுக்குக் கொடுக்கும் காசில் குரூகரில் இரண்டு வாரம் தங்கலாம். காட்டைப் பார்க்கும் வாய்ப்பு காசுள்ளவர்களுக்கு மட்டும் என்று போவது எனக்குச் சரியாகப் படவில்லை.

---

அத்தி_நைரோபி | மார்ச் 7

செலவைப் பற்றி நீங்கள் சொல்வது முழுக்க நியாயம். கென்யக் குடிமக்களே தங்கள் நாட்டு முகாம்களில் தங்க முடியாத விலை என்பது இங்கேயும் பேசப்படும் வருத்தம்தான்.

வழிகாட்டி விஷயத்தில் மட்டும் நான் மாற மாட்டேன். புல்வெளியில் கெஸல் எல்லாம் ஒரே திசையில் தலையைத் திருப்பி நிற்கிறது என்றால் அங்கே என்ன இருக்கிறது, கழுகுகள் வட்டமிடுகிறதா இறங்குகிறதா, யானை காதை விரித்து நிற்பது மிரட்டலா, நிஜமாகவே வரப்போகிறதா என்பதெல்லாம் முதல் முறை வரும் ஒரு குடும்பத்துக்குத் தெரியாது. தெரிந்த ஆள் பக்கத்தில் இருந்து சொல்லிக்கொடுத்தால் பையன் இரண்டு நாளில் பிடித்துக்கொள்வான். அப்புறம் குரூகருக்குப் போய்த் தானே தேடட்டும்.

---

வலசை | மார்ச் 7

இரண்டு பேர் சொல்வதும் சேர்ந்தே இருக்கலாம். வழிகாட்டியிடம் முதல் நாளே, 'பெரிய ஐந்தையும் (சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம்) எண்ணி முடிக்க வேண்டாம், நின்று பார்க்க விரும்புகிறோம்' என்று சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் அவர்களும் பாவம், எல்லாவற்றையும் காட்டினால்தான் விருந்தினர் திருப்தி அடைவார் என்று நினைத்து ஓட்டிக்கொண்டே இருப்பார்கள்.

நதி கடக்கும் காட்சிக்காக மட்டும் போகாதீர்கள். கூட்டம் கரைக்கு வரும், மணிக்கணக்கில் நிற்கும், ஒரு வரிக்குதிரை மிரண்டால் எல்லாம் திரும்பிப் போய்விடும். எந்த நாள், எந்தத் துறை என்று ஒருவராலும் சொல்ல முடியாது. அப்படி உத்தரவாதம் கொடுத்து விற்பவரை நம்ப வேண்டாம்.

ஆளுக்கு ஒரு பைனாகுலர் கட்டாயம், 8x42 (எட்டு மடங்கு பெரிதாக்கிக் காட்டுவது) போதும். ஒன்றை நாலு பேர் கை மாற்றிக்கொண்டிருந்தால் மூன்று பேர் எதையும் பார்க்க மாட்டீர்கள். மாரா 1,500 மீட்டருக்கு மேல், காலையில் திறந்த வண்டியில் ஸ்வெட்டர், குல்லா இல்லாமல் முடியாது. கருப்பு, கருநீல உடைக்குக் கடிக்கும் செட்ஸி ஈ வரும். ராணுவ உடை போன்ற அச்சு வேண்டாம். பிளாஸ்டிக் பை எதையும் எடுத்துப் போகாதீர்கள், கென்யாவில் 2017-லிருந்து தடை.

---

குறிஞ்சி_கோவை | ஏப்ரல் 11

முடிவு செய்துவிட்டோம். அம்மாவை டாக்டர் முழுக்கப் பரிசோதித்து ஊசிக்குச் சம்மதம் சொல்லிவிட்டார். முதலில் நைவாஷா, அப்புறம் மீதி எல்லா நாளும் மாரா, அதுவும் ஒரு கன்சர்வன்சி முகாமில். திரும்பும்போது அம்மாவுக்காக நைரோபியின் வில்சன் விமான நிலையத்துக்குச் சின்ன விமானம். ஒருவருக்கு 15 கிலோதான், மிருதுவான பைதான் என்கிறார்கள். அம்போசெலி, நக்கூரு இரண்டையும் விட்டுவிட்டோம். ஏற்பாட்டாளர் முதலில், 'இவ்வளவு தூரம் வந்துவிட்டு இரண்டே இடமா' என்றார். வழிகாட்டியின் தரத்தைக் கேட்டதும் பேச்சே மாறிவிட்டது, வெள்ளித் தரம் உள்ளவரை உறுதி செய்து எழுத்தில் கொடுத்தார்.

---

குறிஞ்சி_கோவை | அக்டோபர் 14

போய் வந்துவிட்டோம். நீங்கள் எல்லோரும் இவ்வளவு சொல்லிக்கொடுத்ததால் விரிவாகவே எழுதுகிறேன்.

நைவாஷாவில் ஏரியில் படகு, அப்புறம் கிரெசென்ட் தீவில் நடை. அங்கே கொன்றுதின்னி விலங்கு கிடையாது என்பதால் ஒட்டகச்சிவிங்கி, வரிக்குதிரை, நீர்மான் நடுவே நடக்கலாம். அம்மா மெதுவாகக் கைத்தடியோடு நடந்தார். ஓர் ஒட்டகச்சிவிங்கி வேலமரத்திலிருந்து தலையை எடுத்து அவரையே பார்த்துக்கொண்டு நின்றது. நீண்ட பயணத்துக்குப் பிறகு உடம்பு தேறவும் அந்த இடம் உதவியது.

மாராவில் முதல் சாயங்காலமே சிங்கம் பார்த்துவிட்டோம். ஆனால் நான் சொல்ல விரும்புவது சிவிங்கியைப் பற்றி. கரையான் புற்று ஒன்றின் மேல் தாய் உட்கார்ந்திருந்தது, கீழே மூன்று குட்டிகள். வண்டியைத் தள்ளி நிறுத்தி எஞ்சினை அணைத்துவிட்டார் வழிகாட்டி. தூரத்தில் தாம்சன் கெஸல்கள். எங்கள் மகன் பைனாகுலரை இறக்கவே இல்லை. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் தாய் இறங்கித் தலையைத் தாழ்த்தி நடந்தது, நின்றது, நடந்தது. ஒரு கெஸல் நிமிர்ந்து பார்த்ததும் பாய்ந்தது. கெஸல் இரண்டு முறை வளைந்து திரும்பித் தப்பிவிட்டது. சிவிங்கி மூச்சு வாங்கிக்கொண்டு திரும்பி வந்து குட்டிகளுக்குப் பக்கத்தில் படுத்தது. பெரும்பாலான வேட்டை இப்படித்தான் முடியும், இனி களைப்புத் தீர்ந்தால்தான் அடுத்த முயற்சி என்று வழிகாட்டி சொன்னார். குட்டிகள் பசியோடு இருக்குமே என்று மகன் கவலைப்பட்டான். மறுநாள் காலை அவன் கேட்ட முதல் கேள்வி அதுதான். தேடிப் போனோம். இம்பாலா ஒன்றைப் பிடித்து நாலும் சாப்பிட்டுக்கொண்டிருந்தன, வாயெல்லாம் சிவப்பு. கழுதைப்புலி வருவதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம் அவற்றின் உடம்பிலேயே தெரிந்தது. ஒரே இடத்தில் தங்காமல் இருந்திருந்தால் தோற்ற வேட்டையோடு கிளம்பியிருப்போம், அடுத்த நாள் என்ன ஆனது என்றே தெரிந்திருக்காது. வலசை சொன்னது இதைத்தான்.

நதிக்கும் ஒரு நாள் ரிசர்வுக்குள் போனோம். அக்கரையில் ஆயிரக்கணக்கில் வில்டபீஸ்ட். இக்கரையில் வண்டிகளை நான் எண்ணவில்லை, ஆனால் ஒன்றை ஒன்று இடித்துக்கொள்ளும் அளவுக்கு நின்றன. கூட்டம் இறங்க வரும்போதெல்லாம் சில வண்டிகள் முன்னால் ஓடி அவற்றின் வழியிலேயே நின்றன. விலங்குகள் மிரண்டு பின்வாங்கின. எங்கள் வழிகாட்டி தன் வண்டியைப் பின்னாலேயே நிறுத்தி, 'அவை கடக்காவிட்டாலும் பரவாயில்லை, வழியை அடைக்க மாட்டேன்' என்றார். அன்று கடக்கவில்லை. அதில் எனக்கு ஏமாற்றம் இல்லை, அந்த வண்டிகளைப் பார்த்துத்தான் கோபம். படம் கிடைக்க வேண்டும் என்று விருந்தினர்கள் நெருக்குவதால்தான் டிரைவர்கள் அப்படி ஓடுகிறார்கள். போகிறவர்கள் தயவுசெய்து உங்கள் டிரைவரிடம், 'தள்ளியே நில்லுங்கள்' என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.

அம்மாவைப் பற்றி. எங்கள் பூர்வீகம் காங்கேயம் பக்கம், அம்மா மாடுகளோடு வளர்ந்தவர். வழிகாட்டி மாசாய். ஒரு நாள் மதியம் அவர் தன் மாடுகளின் நிறத்தையும் கொம்பையும் சொல்லத் தொடங்கினார், அம்மா காங்கேயம் காளையைச் சொன்னார், நடுவில் மகன் மொழிபெயர்த்தான். வறட்சியில் எங்கே ஓட்டிப்போவீர்கள், கன்றுக்குப் பால் எவ்வளவு விடுவீர்கள், சிங்கம் பட்டியில் புகுந்தால் என்ன செய்வீர்கள் என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. முன்பெல்லாம் மாட்டைத் தின்ற சிங்கத்தைத் தேடிப்போய்க் கொல்வோம், இப்போது பட்டிக்கு நல்ல வேலி போடுகிறோம், சிங்கம் இருந்தால்தான் குத்தகைப் பணமும் என் சம்பளமும் வரும் என்றார் அவர். ஆனாலும் ஒரு பசு போனால் மனசு ஆறாது என்றார். அம்மாவுக்கு அது அப்படியே புரிந்தது.

சாப்பாட்டுக்குக் கவலையே இல்லை. முன்கூட்டியே சொன்னதால் சப்பாத்தி, பருப்பு, பீன்ஸ், சுகுமா என்ற கீரைப் பொரியல் எல்லாம் கிடைத்தது. கூடாரம் என்றதும் அம்மா தயங்கினார், உள்ளேயே கழிப்பறையும் சுடுதண்ணீரும் இருந்தன. இரவில் படுக்கைக்குள் வெந்நீர்ப் பை வைத்திருந்தார்கள், முழங்காலுக்கு அதைவிட என்ன வேண்டும். இருட்டிய பிறகு கூடாரத்தை விட்டுக் காவலாள் இல்லாமல் வெளியே வரக் கூடாது. நள்ளிரவில் துணிச்சுவருக்கு அந்தப் பக்கம் நீர்யானை புல் பிடுங்கும் சத்தம் கேட்டது. மகன் தூங்கிவிட்டான், எனக்குத்தான் தூக்கம் வரவில்லை.

---

வல்லைவெளி | அக்டோபர் 14

அக்கா, அம்மா சுகமாகப் போய் வந்தது பெரிய சந்தோஷம். மலேரியாக் குளிசையை (மாத்திரையை) வந்த பிறகும் முழுதாக எடுத்து முடிக்கச் சொல்லுங்கள். அடுத்த சில மாதத்துக்குள் யாருக்காவது காய்ச்சல் வந்தால் ஆப்பிரிக்கா போய் வந்ததை டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள்.

---

ஜோபர்க்_வாசி | அக்டோபர் 15

தோற்ற வேட்டைக்கு மறுநாள் தேடிப் போன பையனுக்கு என் வாழ்த்து. பன்னிரண்டு வயது முடிந்ததும் குரூகருக்குக் கூட்டி வாருங்கள், அங்கே வழிகாட்டியோடு காலை நடைக்கு அதுதான் குறைந்தபட்ச வயது. உங்கள் அம்மாவின் வயதுக்கு நடையில் சேர்ப்பார்களா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

---

பொன்னி_திருச்சி | அக்டோபர் 19

இழை முழுக்கப் படித்தேன். நாங்கள் இரண்டே பேர், கல்யாணமாகி முதல் பயணம். தனி லேண்ட் க்ரூசர், கன்சர்வன்சி என்பதெல்லாம் எங்கள் கைக்கு எட்டாது. டிசம்பர் கடைசியில் மாரா போகலாமா? எங்களைப் போன்றவர்களுக்கு வழி உண்டா?

---

அத்தி_நைரோபி | அக்டோபர் 19

உண்டு. டிசம்பர் கடைசி வேண்டாம், கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை முகாம் விலை உச்சம், ரிசர்வ் கட்டணமும் 200 டாலர். ஜனவரி பாதிக்குப் பிறகு வாருங்கள். கட்டணம் 100 டாலராகிவிடும், முகாம்களும் குறைக்கும். பெருங்கூட்டம் தான்சானியா பக்கம் போயிருக்கும், ஆனால் சிங்கம், சிவிங்கி, யானை, ஒட்டகச்சிவிங்கி எல்லாம் மாராவிலேயே இருப்பவை, பெரும்பாலும் மழையும் இருக்காது.

நைரோபியிலிருந்து மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளும் லேண்ட் க்ரூசர் பயணங்கள் கிடைக்கும். ஒரு வண்டியில் ஆறு பேருக்கு மேல் இல்லை, எல்லோருக்கும் ஜன்னல் உண்டு என்று உறுதி வாங்குங்கள். செகெனானி கதவுக்கு வெளியே எளிய கூடாரம் போதும். மாராவை மட்டும் வைத்துக்கொண்டு மூன்று இரவு தங்குங்கள், வேறு எந்த ஊரையும் சேர்க்க வேண்டாம். ரிசர்வ் சீட்டு 12 மணி நேரம் செல்லும், காலை ஆறு மணிக்கே உள்ளே போய் மதியச் சாப்பாட்டைக் கட்டி எடுத்துக்கொண்டால் மாலை ஆறு வரை கொடுத்த காசுக்கு முழுப் பகலும் உங்களுக்கு. முன்பணம் கட்டும் முன் ஏற்பாட்டாளர் கென்யப் பயண ஏற்பாட்டாளர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலில் இருக்கிறாரா என்று பாருங்கள். கேட்க ஏதாவது இருந்தால் இங்கேயே எழுதுங்கள்.